எல்லா இலாகாவுக்கும் தெரிந்த பிள்ளை

ஒரு பிள்ளைக்கு உதவி கேட்டு எத்தனை பேரிடம் சொல்லலாம்? எந்த இடத்தில் அது காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடுகிறது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பண்டமாரான் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே வயது. என் மகள் முதலாம் ஆண்டுக்குப் போனாள். அவள் போகவில்லை. காலையில் என் மகள் சப்பாத்து மாட்டுவதைக் கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். "ஆன்டி, எனக்கு எப்ப ஸ்கூல்?" என்பாள். ஏதோ சொல்லிவிட்டு லிப்டுக்கு ஓடுவேன்.

அவள் அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அம்மா தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். கோயிலில் தாலி கட்டி, எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுத்தான் கல்யாணம் செய்தார்கள். அரசாங்கத்தில் பதியவில்லை. பெர்மிட் முடிந்து ஊருக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. கல்யாணம் பதியாததால் சட்டப்படி பிள்ளை அம்மாவின் கணக்கில்தான் வரும்; அப்பா உள்ளூர்க்காரராக இருந்தும் அவளுக்குக் குடியுரிமை இல்லை.

"அத்தனை பேர் அட்சதை போட்டாங்க தங்கச்சி. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று அவள் அப்பா என்னிடம் கேட்டார்.

எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் அவரோடு நானும் போனேன். பள்ளியில் பதிவு இலாகாவின் கடிதம் கேட்டார்கள். பதிவு இலாகாவில், முதலில் சமூகநல இலாகாவின் அறிக்கை வேண்டும் என்றார்கள். சமூகநல இலாகாவிலோ, பள்ளி எழுதிக் கொடுத்தால்தான் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமாம். யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லாரும் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு எங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினரிடம் கெஞ்சி, மூன்று தரப்பையும் குடியிருப்பு மண்டபத்தில் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். பலகாரத்துக்குக் கரிபாப் நான்தான் பொரித்தேன். கூட்டம் முடியும்போது ஒரு வாட்சப் குழு தொடங்கினார்கள்.

"இனிமே நீங்க அலைய வேணாம் சிஸ். எல்லாம் குரூப்லயே முடிஞ்சிடும் லா," என்றார் உறுப்பினர்.

பிள்ளையின் நிலையைக் குழுவில் எழுதினேன். 'நோட்டட்' என்று ஒருவர். 'நோட்டட், தேங்க்யூ' என்று இன்னொருவர். அப்புறம் யாரோ போட்ட பண்டிகை வாழ்த்து. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் சமூகநல இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அப்பா வேலைக்குப் போனால் பிள்ளை யாரோடு இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை அவர் என் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா பிள்ளையக் கொண்டுபோய் ஹோம்ல போட்டுட்டா? பேப்பர்ல நான் அவளுக்கு அப்பாவே இல்லையே. என்னன்னு சொல்லிக் கேப்பேன்?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க அண்ணே."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"



அந்த வாரமே பிள்ளையைச் சுங்கை வேயில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டார். குழுவில் தெரிவித்தேன். "அது வேற நகராண்மைக் கழகம் சிஸ். அங்க புதுசா ஆரம்பிக்கணும்," என்று உறுப்பினர் பதில் போட்டார். இங்கே பேசியது எதுவும் அங்கே போகாதாம்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். அத்தை தொழிற்சாலைக்குப் போய்விட, அவரின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள்தான் கதவைத் திறந்தாள். பால் கலக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாள்.

இந்த ஆண்டும் போனால் அவள் இன்னும் பிந்திவிடுவாள். அவள் அப்பாவோ, "தயவுசெஞ்சு விட்டுடுங்க தங்கச்சி," என்கிறார். அவர் பயத்தைத் தப்பென்று சொல்ல என்னிடம் எந்த உறுதியும் இல்லை.

இந்த இலாகாக்களில் வேலை செய்தவர்கள், இதே வழியில் போய் ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் சுங்கை வேயில் பேசிப் பார்க்கட்டுமா? அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கட்டுமா? பேசுவதென்றால், பிள்ளையை அப்பாவிடமிருந்து பிரிக்காமல் முதலில் யாரிடம் பேச வேண்டும்?