அம்மணியக்கா எழுந்திருக்கமாட்டார்

நோயாளி எழுந்து சட்டை மாற்றப் போனதும், அம்மணியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஆயா வந்து விரிப்பை உருவப் பார்த்தால், "நக்கோ" என்பார், வேண்டாம் என்பதற்கான இந்த ஊர் உருதுவில், கோயம்புத்தூர் இழுவையோடு. இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த இழுவை போகவில்லை.

உப்பலில் எங்கள் தெருவிலிருந்து யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், சேருகிற அன்று அவர் எட்டிப் பார்க்கமாட்டார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கவும் வரமாட்டார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளன்று வந்துவிடுவார். நான்காவது மாடியானாலும் லிஃப்ட் வேண்டாம், படியேறித்தான் வருவார். வந்து மூச்சு வாங்கி முடிவதற்குள் யாரையாவது திட்டிவிடுவார். ஒருமுறை இன்சூரன்ஸ் மேஜையிலிருந்த பெண்ணைப் பார்த்து, "பொம்மைக்கு டை கட்டி உக்கார வெச்சிருக்காங்க" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அக்கா கவலைப்படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வைத்தியநாதன் சாருக்கு டிஸ்சார்ஜ். இதயத்தில் அடைப்பு நீக்கியிருந்தார்கள். காலையிலேயே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் அனுமதி வரவில்லை என்று மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அனுமதி வந்ததுதான் தாமதம், எல்லோருக்கும் காலில் வெந்நீர் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, எந்த மாத்திரை எப்போது என்று தெலுங்கும் இங்கிலீஷுமாக ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கேட்டுக்கொண்டவள் சாரின் மகள் ஹம்ஸினி. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. காதில் ஆபீஸ் போன், வாயில் "ஓகே, ஓகே". வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிறவர் அவள் அம்மா பட்டு மாமி. மாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ராகுகாலம். அம்மணியக்கா வழக்கம்போல் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, எழுந்திரு. மூணுக்குள்ள வாசலைத் தாண்டியாகணும்."

"உக்காருங் மாமி. உங்குளுக்கு என்ன வெளங்குச்சு, சொல்லுங்க பாப்போம்."

மாமிக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. எல்லாம் பேப்பரில் எழுதியிருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹம்ஸினி இங்கிலீஷில் சொன்னாள். நீ பகலில் வீட்டில் இருப்பாயா என்று அக்கா கேட்டதற்கு, அவள் போனில் இன்னொரு "ஓகே" சொன்னாள்.

அக்காவின் கணவர் செல்லப்பா இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். பத்தரைக்கு ராகுகாலம் என்று அக்காதான் அவசரப்படுத்தினார். நர்ஸ் லிஃப்ட் வரைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது. வீட்டில் ஏற்கெனவே இருந்த பிரஷர் மாத்திரையையும் புதிதாகக் கொடுத்ததையும் சேர்த்தே கொடுத்துவந்தார் அக்கா. பெயர் வேறு, மருந்து ஒன்று. அடுத்த வாரம் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தவர் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியை அக்கா இன்னும் தெருவில் நின்று சொல்வார்: "வூட்டுல என்ன குடுத்தீங்கன்னு என்னையக் கேக்கறான் கண்ணு. நீ என்ன குடுத்தே, அத மொதல்ல சொல்லு."

எனக்கும் வயிறு எரியும். லட்சக்கணக்கில் செலவழித்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அதை வீட்டில் எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்ல ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆளில்லை.

மாமி வீட்டு அலமாரியிலிருந்த மாத்திரைகளை ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தார் அக்கா. அதைக் கட்டிலில் கவிழ்த்தார். இதில் எதைத் தின்ன, எதை நிறுத்த என்று கேட்டார்.

"டைம் லேதம்மா" என்றாள் நர்ஸ். வாசலில் ஸ்ட்ரெச்சரில் அடுத்த நோயாளி வந்துவிட்டார். வயதானவர், கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய மனிதர்கள் எங்களை முறைத்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா அந்தப் பெரியவரை ஒருமுறை பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஒரு சின்ன டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் நின்றபடியே ஒவ்வொரு அட்டையாகத் தள்ளினார். ஒன்றை மட்டும் எடுத்து, புதுப் பையிலிருந்த ஒன்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு, பழையதை நிறுத்திவிடுங்கள் என்றார். கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டு மாமி முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அந்தக் கோபமும் மாமிக்குக் குறையவில்லை.

"நாலரை வரைக்கும் இவரை எங்கே வெச்சுண்டு உக்காருவேன்? எல்லாம் உன்னாலதான்."

"வராந்தாவுல உக்காந்துக்குவோம் மாமி. காத்தாலருந்து அவனுகளுக்காக உக்காந்தோமுல்ல, இப்ப நமக்காக உக்காருவோம்."

அக்கா கட்டிலை விட்டு இறங்கினார். நிறுத்தச் சொன்ன அட்டை அவர் கையில் இருந்தது. மாமி அதை வாங்கி டப்பாவில் போடப் போனார். ஒரு மாத்திரைகூட எடுக்காத அட்டை, மருந்துக்கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அக்கா கொடுக்கவில்லை. மூலையிலிருந்த வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தண்ணீரில் விட்டார். எல்லாம் தண்ணீரோடு போனபிறகும், அந்த வெற்று அட்டையின் குழிகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.