உதறிப் பார்த்து வாங்கிய தூண்டில்

மீன் என்றால் எனக்குக் குழம்பில்தான் பழக்கம். ராடு, ரீல், நூல் என்று கடை ஏறி, இது வளையுமா, அது தாங்குமா என்று விசாரித்து வாங்குகிற ஆளாக நான் ஆவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், போய் வேற வேலையைப் பாருங்க என்று விரட்டியிருப்பேன்.

நாங்கள் சலவைக்காரர்கள். வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். குடியிருப்பது மட்டாஞ்சேரியில். ஹோட்டல் விரிப்புகளும் ஹோம்ஸ்டே துவாலைகளும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஊருக்குப் போனால் என் பேச்சைக் கேட்டு மலையாளத்தி என்கிறார்கள், இங்கே வந்தால் தமிழத்தி என்கிறார்கள். இரண்டு பக்கமும் சிரித்துவைப்பேன். வருகிற துணிக்கெல்லாம் மூலையில் அழியாத மையால் குறி போடுவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி என்று. எங்கள் சொந்தத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. குறி இல்லாதது எங்களுடையது, அவ்வளவுதான் கணக்கு.

வண்ணானுக்கு வண்ணாத்தி மேல் ஆசை, வண்ணாத்திக்குக் கழுதை மேல் ஆசை என்று பழமொழி சொல்லி எங்களைக் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டில் கழுதை கிடையாது. வண்ணாத்திக்கு வண்ணான் மேல் ஆசை, வண்ணானுக்குக் காளாஞ்சி மேல் ஆசை. தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே, அந்த மீன்தான். பெரிய வாய், அதைவிடப் பெரிய ரோஷம். ஞாயிறு ஆனால் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும் ராடை எடுத்துக்கொண்டு இவர் படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவார். அந்த ராடு ஆளைவிட இரண்டு மடங்கு நீளம், உலக்கைக் கனம். அதைத் தலைக்கு மேலே கொண்டுபோய், கல்லில் விரிப்பை அடிக்கும்போது விடுகிற அதே "ஹூம்" மூச்சோடு வீசுவார். பக்கத்தில் நிற்பவர்கள் குனிந்துகொள்வார்கள்.

"மீன் பிடிக்கிறீங்களா, காயலைத் துவைக்கிறீங்களா?" என்று கேட்பேன்.

"உனக்கு என்னட்டி தெரியும்?" என்று போய்விடுவார். ஞாயிறு முழுக்க வீட்டுவேலை என் தலையில் என்பதால் அந்த ராடை நான் திட்டாத வாரம் இல்லை.

பிறகு தோள் போயிற்று. இத்தனை வருஷம் கல்லில் அடித்த வலது தோள் ஒரு மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டது. கை இனிமேல் தோளுக்கு மேலே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிலுக்கு வழி இருந்தது. துவைக்க மிஷின் போட்டோம், இவர் இஸ்திரிக்கு மாறினார். மீனுக்குத்தான் வழி தெரியவில்லை. ஒரே ஒரு ஞாயிறு போய் வீசிப் பார்த்தவர், பாதியிலேயே திரும்பி வந்து, ராடைத் தோப்பும்படியில் இருக்கிற தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

அதற்குப் பிறகு ஞாயிறு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மற்ற நாட்களில் வேலை செய்வார், சாப்பிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆனால் இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டே ஊர் வம்பு பேசிச் சிரிக்கிற அந்த மனுஷனைக் காணோம். எனக்குப் பயமாகிவிட்டது. மீன் வராவிட்டால் போகட்டும், இவர் திரும்பி வர வேண்டுமே! இருபது வருஷம் திட்டிய தூண்டிலை நானே போய் வாங்கிவருவது என்று முடிவெடுத்தேன்.

தோப்பும்படியில் மீன்பிடிச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நரைமீசைச் சேட்டன். நான் உள்ளே போனதுமே ஒரு நீள ராடை எடுத்துவிட்டார்.

"எந்து மீனுக்கா, சேச்சி?"

"காளாஞ்சிக்கு."

"படகில போயா, கரையில நின்னா?"

"கரைதான். படகுத்துறைத் தூணுகளுக்கு நடுவுல."

"யாரு பிடிக்கறது?"

"தோள் போன ஒருத்தர்."

எடுத்த ராடை அவர் திருப்பி வைத்துவிட்டார். அதிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நீளமும் விறைப்பும் கூடக் கூட வீசுவதற்குத் தோள் வேண்டும், ஆறரை அடி போதும், நுனி இளகி அடி உறுதியாக இருந்தால் மணிக்கட்டே மதி, அதாவது மணிக்கட்டே போதும் என்றார். தூணுக்கடியில் இருக்கிற மீனுக்குத் தூரமாக வீசியும் பிரயோஜனம் இல்லையாம். நாலைந்து ராடுகளை மேசைமேல் பரப்பி, "பிடிச்சு நோக்கு" என்றார்.

எப்படிப் பிடித்துப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி உதறுவதுதான். பிழிந்த சட்டையைக் கொடியில் போடும் முன்பு இடுப்பளவில் பிடித்து ஒரு உதறு உதறுவோம் இல்லையா, அப்படி ஒவ்வொன்றாக உதறினேன். முதல் ராடு நைந்த கைலி மாதிரி அடிவரைக்கும் ஆடியது. அடுத்தது கஞ்சி அதிகமான காலர் மாதிரி அசையவே இல்லை. மூன்றாவதில் நுனி மட்டும் "விசுக்" என்று போய் உடனே நின்றது. கையில் கனமே தெரியவில்லை.

"சேச்சி முன்னாடி மீன் பிடிச்சிருக்கோ?"

"இல்ல சேட்டா. துணி உதறியிருக்கேன்."

அடுத்தது ரீல். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று தேங்காய் அளவுக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "பெரிய ரீல் வாங்கினா பெரிய மீன் வருமா?" என்றேன்.

"வராது சேச்சி. கைவலிதான் வரும்."

சின்ன ரீல் ஒன்றை ராடில் பூட்டி, பூட்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் நிறுத்திக் காட்டினார். முன்னாலும் சாயவில்லை, பின்னாலும் சாயவில்லை. இப்படி நின்றால் நாள் முழுக்கப் பிடித்தாலும் கை அலுக்காதாம். சுற்றுகிற கைப்பிடியைக் கழற்றி வலப்பக்கமோ இடப்பக்கமோ மாற்றிக்கொள்ளலாம். தோள் எந்தப் பக்கம் சண்டை போடுகிறதோ அதற்குத் தகுந்தாற்போல. ஆகா, இது நமக்குத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

நூலில்தான் குழப்பம். நைலான் நூல் இழுத்தால் நீளும், தடிமன். இன்னொன்று எட்டு இழை சேர்த்துப் பின்னிய நூல். தையல் நூலளவுக்கு மெல்லிசு, ஆனால் என் பலத்துக்கு இழுத்தும் அறவில்லை; மெல்லிசு என்பதால் பலம் போடாமலே தூரம் போகும். தூணில் ஒட்டிய சிப்பியும் காளாஞ்சியின் செவுளும் பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால், அதன் நுனியில் மட்டும் ஒரு கை நீளத்துக்குத் தடித்த நைலானை முடிந்துகொள்ள வேண்டும். பின்னிய நூலையே கேட்டேன். வாலாட்டுகிற ரப்பர்மீன் ஒன்றையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார்.

பெருமையாக வீட்டுக்கு வந்து இவர் முன்னால் பரப்பினேன். அன்றைக்கு ஞாயிறு. படுத்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னட்டி இது, காது குடையவா?"

அவ்வளவுதான். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ராடாலேயே நாலு போட்டிருப்பேன். வெயிலில் அலைந்து, பஸ்ஸில் நின்று, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து வாங்கி வந்தவளுக்கு இதுதானா மரியாதை? கோபம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, துவைப்பது. கடையிலிருந்து வந்த எதையும் ஒரு தண்ணி அலசாமல் நாங்கள் உபயோகிப்பதில்லை. இழை சேர்த்துப் பின்னியது என்றால் அதுவும் துணிக்குச் சித்தப்பன் மகன்தானே! உருளையிலிருந்து நூலைப் பூராவும் அவிழ்த்து சோப்புத் தண்ணீரில் போட்டுக் கும்மினேன்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. அடப்பாவி, சாயம் போகிற சரக்கைத் தலையில் கட்டிவிட்டானே என்று நரைமீசையைத் திட்டிக்கொண்டே இரண்டு தண்ணி அலசினேன். இனி உலர்த்த வேண்டும். நாங்கள் கொடியில் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவோம். எந்தக் காற்றுக்கும் விழாது. நூலையும் அப்படியே செருகினேன். அந்த நேரம் பார்த்துக் காயல் பக்கமிருந்து காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் கொடி, நூல், ஹோட்டல் தலையணை உறைகள் மூன்று, நான், எல்லாம் ஒரே சிக்கு.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் இவர் எழுந்து வாசலுக்கு வந்தார். நின்று பார்த்தார்.

"ஏட்டி, நூலை நனைச்சியா?"

"துவைச்சேன்."

"துவைச்சியா? கஞ்சி?"

"அதுக்குள்ளதான் சிக்காயிடுச்சே."

சிரித்தார் பாருங்கள்! வலிக்கிற தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, நிலையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "பல்லைக் காட்டினது போதும், வந்து எடுத்துவிடுங்க" என்று அதட்டினேன்.

வாசலில் உட்கார்ந்து இருவரும் சிக்கெடுத்தோம். நான் இழுக்க இழுக்க, "இழுக்காத, இழுத்தா முடிச்சாயிடும். தளர்த்து, தளர்த்து" என்று என் கையைத் தட்டிவிட்டார். சாயா போட்டுக் கொண்டுவந்தேன், அதையும் ஆறவைத்துவிட்டார். உருப்படாத கொஞ்சத்தை வெட்டி எறிந்தோம். மிச்சத்தை ரீலில் ஏற்றும்போது, நூலை ஈரத்துணிக்குள் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அப்படி இறுக்கி ஏற்றாவிட்டால் வீசும்போது குவியலாக வந்து விழுமாம்.

"பாத்தீங்களா? நனைக்கணும்னு நான் செஞ்சது சரிதான்."

"ஈரத்துணிதான் வேணும், ஈரச்சலவை இல்ல" என்றார். தடித்த நைலானை நுனியில் முடிந்தார். இத்தனைக்கும் கை நெஞ்சுக்கு மேலே போகவே இல்லை என்பதை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, "சாமானைத் தொலைச்சிடாம பாத்துக்கத்தான் வரேன்" என்று சொல்லிக்கொண்டு, மீனை அள்ளுகிற கைவலையை மட்டும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார். கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. ராடை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ வாங்கினது. நீயே போடு."

சரி போ என்று தலையணை உறையை உதறுவதுபோல இடுப்பளவில் உதறினேன். ரப்பர்மீன் முதலில் தூணில் அடித்தது. அடுத்து என் சேலையில். அதற்கடுத்தது நானே நம்பாதபடி, தூண்களைத் தாண்டித் தண்ணீர் சுழித்துத் திரும்புகிற இடத்தில் போய்ப் பட்டென்று விழுந்தது.

"சுத்து. நிறுத்து. ம்ம், இப்ப சுத்து" என்றார் பின்னாலிருந்து.

நிறுத்திய இடத்தில் யாரோ பிடுங்கினார்கள். நனைந்த கம்பளியைத் தொட்டியிலிருந்து இழுக்கிற கனம். ஆனால் இந்தக் கம்பளி எதிர்ப்பக்கம் ஓடியது. ரீல் கிர்ரென்று கத்தியது. உடைந்துவிட்டது என்று நினைத்து நானும் கத்தினேன்.

"கத்தட்டும் விடு! அது நூல் விட்டுக்கொடுக்கிற சத்தம். ரீல் திருகை நான்தான் அளவா வச்சிருக்கேன், நம்பு! தூணுக்குள்ள போக விடாத, ராடைச் சாய்! அந்தப் பக்கம்! உனக்கு இடப்பக்கம்!"

மீன் எகிறி, வாயைப் பிளந்து, தலையை ஆட்டிவிட்டு விழுந்தது. நான் தண்ணீருக்குள் போய்விடாமல் இவர் இடக்கையால் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். கல்யாணத்தில்கூட இத்தனை பேர் முன்னால் இப்படிப் பிடித்ததில்லை. கடைசியில் குனிந்து வலையில் அள்ளிப் போட்டதும் அவர்தான். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காளாஞ்சி. துறையில் நின்றவர்கள், "சேச்சி, கொள்ளாமல்லோ!", நல்லாயிருக்கே என்று கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் மீனைத் தூக்கிக்கொண்டு எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். சுக்கு மூட்டை இறக்குகிற தெருவைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளை எழுப்புகிறேன் என்று போய், அவரால் முடியாததை அவருடைய துறையில், அவருடைய கூட்டாளிகள் முன்னால் நான் செய்து காட்டிவிட்டேனே! இனி சுவர்ப்பக்கம் திரும்பினால் திரும்பியதுதான் என்று நினைத்தேன். குடம்புளி போட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டாம் தடவை சோறு வாங்கித் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது, குறி போடுகிற பேனாவை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ராடு. பிடியில் ஒரு புள்ளியும் அதன் கீழ் ஒரு சின்ன அலையும் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் துணி போடுகிற எந்த வீட்டுக்கும் அந்தக் குறி கிடையாது.

"யாரு வீட்டுக் குறிங்க அது?"

"உன்னோடது."

"நம்ம வீட்டுச் சாமானுக்கு எதுக்குக் குறி?"

பேனாவை மூடினார். "ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா கலந்துபோயிடும்ல. நாளைக்கு அந்தச் சேட்டன் கடைக்குப் போலாம் வா. எனக்கும் ஆறரை அடி மதி, நீயே உதறிப் பாத்து எடு." ராடைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "ஆனா நூலை மட்டும் நீ தொடக் கூடாது, சொல்லிட்டேன்."