எதிர் வீட்டு வெள்ளி

சமையலறையிலிருந்து ‘ணங்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ‘ணங்’.

முன்னறையில் வேலை மேசை மேல் குனிந்திருந்த மருமகள், ஊதுகுழலின் தீயை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மிளகு இடிக்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். பூண்டு நசுக்கும் சத்தமும் தெரியும். இது இரண்டும் இல்லை. ஏதோ உலோகம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. உலோகத்தை அடித்தே பிழைப்பவளின் காது இந்த விஷயத்தில் ஏமாறாது.

எட்டிப் பார்த்தாள். மாமியார் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியருகே இடிகல். இடிகல்லுக்குள் பளபளவென்று ஒரு புத்தம்புது வெள்ளிக் கரண்டி. பக்கத்தில் மூடி திறந்த டப்பாவில், உரித்து இரண்டாகப் பிளந்த அவித்த முட்டைகள்.

“அத்தை, என்ன பண்றீங்க?”

மாமியாரின் கையிலிருந்த குழவி அந்தரத்தில் நின்றது. “ஒண்ணுமில்லம்மா. கரண்டி கொஞ்சம் கோணலா இருந்துச்சு. நிமித்துறேன்.”

“இடிச்சா?”

“சில கரண்டிக்குச் சொன்னாப் புரியாது.”

மாமியாரின் சதி என்றால் பாலில் விஷம், பீரோ சாவி, ஒளித்து வைத்த உயில் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்த மாமியாரின் சதி அவித்த முட்டையில் இருந்தது. அது புரிய வேண்டுமானால் மருமகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தெருவில் அவளுக்கு ‘ஜன்னல்’ என்று பெயர். நகை வடிவமைப்பு படித்துவிட்டு ஒரு பெரிய கடையில் சேர்ந்தாள். அங்கே வெளிநாட்டு நகைப் படங்களைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னார்கள். வரைந்து வரைந்து கை மரத்துப் போனது. ஒருநாள் வேலையை உதறிவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தெருவின் ஜன்னல் கம்பிகள் கண்ணில் பட்டன. ஒரு வீட்டில் மயில். ஒரு வீட்டில் பாதிச் சூரியன். இன்னொன்றில் கொடி போல ஆரம்பித்து, கொல்லருக்குப் பொறுமை போய்விட்டதோ என்னவோ, பாதியில் நேர்கோடாக முடியும் ஒரு வளைவு. சுவரையும் கூரையையும் கையில் இருந்த காசுக்குக் கட்டியவர்கள், தங்கள் ஆசையை எல்லாம் அந்தக் கம்பியில் கொட்டியிருந்தார்கள். இதை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கும் அரண்மனைப் படத்தை எதற்கு வரைய வேண்டும்?

அன்றிலிருந்து வீடு வீடாக ஜன்னலை முறைத்துக்கொண்டு நின்றாள். மூலை வீட்டுக்காரர் திருட்டுக்கு நோட்டம் பார்க்கிறாள் என்று பூட்டை மாற்றினார். மாடி வீட்டு மாப்பிள்ளை தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து தினமும் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். கடைசியில் அந்த ஜன்னல்களெல்லாம் சுண்டுவிரல் அளவு வெள்ளிப் பதக்கங்களாக வெளிவந்தபோதுதான் தெருவுக்கு நிம்மதி. மாப்பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அவளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. பூமியைப் புதிதாகத் தோண்டி எடுத்த உலோகத்தை ஒரு குண்டுமணி அளவுகூடத் தொடமாட்டாள். அறுந்த கொலுசு, திருகாணி தொலைந்த தோடு, நசுங்கிய குங்குமச் சிமிழ், இப்படிப் பழையதாக வாங்கி, உருக்கி, கம்பியாக இழுத்து வளைப்பாள். வேலை மேசைக்குக் கீழே யாரும் துடைப்பத்தோடு வரக்கூடாது. அராவிய தூள் கூட வீணாகாமல் வெள்ளி உருக்கும் மூசைக்குப் போக வேண்டும். “உலகத்துல குப்பையைக் கூட்டினா கோவிச்சுக்கிற மருமக எனக்குத்தான் வாய்ச்சிருக்கா” என்று மாமியார் பெருமையாகத்தான் புலம்புவார்.

இப்போது அவளுடைய முதல் கண்காட்சி வரப்போகிறது. அதற்காக ஒரு பெரிய கழுத்தணி செய்திருந்தாள். தெரு முழுவதும் அதில் இருந்தது, வீட்டுக்கு ஒரு ஜன்னலாக. ஒவ்வொரு ஜன்னலும் அந்தந்த வீட்டுக்காரர் கொடுத்த பழைய வெள்ளியிலேயே செய்தது. நடுநாயகமாக எதிர் வீட்டு ஜன்னல். எதிர் வீட்டில் வெள்ளி கேட்டு வாங்கும் பொறுப்பை அவள் மாமியாரிடம் ஒப்படைத்திருந்தாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. எதிர் வீட்டம்மாவுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மருமகள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, எதிர் வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் ஒன்று வேறு மூடியோடு திரும்பி வர, மாமியார் மாடியில் நின்று “மூடி திருடி” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். மூடி பிறகு பரண் மேலிருந்தே கிடைத்தது. சொன்ன வார்த்தையைத்தான் திரும்ப எடுக்கவில்லை.

“அப்ப போன மாசம் எதிர் வீட்டுதுன்னு நீங்க குடுத்த பால் கிண்ணம்?” மருமகள் கரண்டியையும் முட்டை டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அது நல்ல கிண்ணம்மா. கடையில அதுதான் கனமா இருந்துச்சு.”

“கடையிலயா!”

“நீ வெள்ளியைக் கறுக்க வைக்க அவிச்ச முட்டையோட டப்பாவுல போட்டு மூடுவியே, அதே மாதிரி போட்டேன். நல்லாக் கறுத்துச்சு. அடியில இருந்த முத்திரையைக் கல்லுல தேச்சேன். நாலு தட்டுத் தட்டினேன். இப்ப அதே வீட்டு வெள்ளியில தோடு வேணும்னியே, அதுக்குத்தான் இது.”

போன மாதம் ஒரு வாரம் முழுவதும் “முட்டைக்குள்ள மஞ்சள் கருவையே காணோமே” என்று கணவன் கோழியைக் குறை சொன்னதன் காரணம் அவளுக்கு இப்போது விளங்கியது. அதைவிட மோசமான ஒன்றும் நினைவுக்கு வந்தது. அந்தக் கிண்ணத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, “எத்தனை தலைமுறை கை பட்டிருக்கும்!” என்று அவள் கண் கலங்கியிருக்கிறாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை!”

“நீ அழுதுட்டியே. அழுற பொண்ணுகிட்ட, என் ஒரு கைதான் பட்டிருக்குன்னு எப்படிச் சொல்றது?” மாமியார் சட்டென்று எதிர்க்கட்சி ஆனார். “சரி, கடையில இருக்கிற வெள்ளி ஏற்கெனவே தோண்டினதுதானே? திரும்ப மண்ணுக்குள்ள வைக்க முடியுமா?”

“நீங்க ஒண்ணு வாங்கினா, காலியான இடத்துல வைக்க இன்னொண்ணு தோண்டுவாங்க அத்தை.”

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் கண்காட்சி நடத்தும் அம்மையார். கனத்த கண்ணாடி, அதைவிடக் கனத்த பேச்சு. வந்த வேகத்தில் கழுத்தணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிக்கொண்டே போன விரல் நடுவில் நின்றது.

“அபாரம்! இதுதான் உயிரே. இது எந்த வீட்டு வெள்ளி?”

அவருடைய முதுகுக்குப் பின்னால் மாமியார் உதட்டில் விரலை வைத்தார். கண்ணைச் சிமிட்டினார். எதிர் வீட்டை நோக்கிக் கையைக் காட்டி ‘அங்கேன்னு சொல்லேன்’ என்று வாயசைத்தார். ஒரே ஒரு பொய். சொல்லிவிட்டால் நாலு பேருக்கு அவள் பெயர் தெரியும். ஆனால் அந்தப் பொய்யைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருத்தி காலமெல்லாம் திரிவாளே! ஜன்னல் கம்பிக்கு ஒளிவுமறைவு தெரியாது, எல்லாம் வெளியே தெரிகிற சாமான் அது. அதைச் செய்கிறவள் மட்டும் மறைப்பதா?

“அது பழசு இல்லம்மா,” என்றாள், கண்ணீர் பொலபொலவென்று உதிர. “கடையில வாங்கின புதுசு. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

அம்மையார் கழுத்தணியை மெதுவாக மேசையில் வைத்தார். “அப்ப இதை நான் எடுத்துட்டுப் போக முடியாது. எல்லாம் பழைய வெள்ளின்னு சுவர்ல எழுதி வைக்கப்போறேன். மத்த நகையைக் குடுங்க, பெட்டியில அடுக்குறேன்.”

“நடுவுல இருக்கிறதை மட்டும் கழட்டிடட்டுமா?”

“கழட்டிட்டு? தெருவுல ஒரு வீட்டைக் காணோம்னு போலீஸ்ல சொல்லவா?”

மருமகள் மோதிரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு மோதிரம் நழுவி உருண்டு ஓடியது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், முக்காலியில் மாமியாரைக் காணவில்லை.

“அய்யோ, அங்க பாருங்க!” என்றாள்.

ஜன்னல் வழியே இருவரும் பார்த்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி மாமியார் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத கேட்டைத் தட்டினார். எதிர் வீட்டம்மா வெளியே வந்தார், இடுப்பில் கை. மாமியார் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எதிர் வீட்டம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். மாமியார் மறுபடி முணுமுணுத்தார். கை அப்படியே இருந்தது.

அடுத்த கணம் தெருவே அதிர்ந்தது.

“நீ மூடி திருடலடீ! மூடி எங்க பரண் மேலதான் இருந்துச்சு! போதுமா!”

மூலை வீட்டின் கதவு திறந்தது. மாடி வீட்டு மாப்பிள்ளை சீப்போடு ஓடி வந்தார்.

எதிர் வீட்டம்மா உள்ளே போனார். வர மாட்டாரோ என்று மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வந்தார். முந்தானையில் எதையோ துடைத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தார்.

திரும்பி வந்த மாமியாரின் முகம் போருக்குப் போய் வந்த முகமாக இருந்தது. ஜெயித்தாரா தோற்றாரா என்றுதான் தெரியவில்லை. கையில் ஒரு பழைய வெள்ளிக் கிலுகிலுப்பை. ஓரத்தில் குழந்தைப் பல் கடித்த தடம்.

“அவ மகன் கடிச்சதாம். அவனுக்கு இப்ப பாதி முடி கொட்டிப்போச்சு,” என்றார். “முதல்ல மெதுவாத்தான் சொன்னேன். அவளுக்குக் காது மந்தம்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாதே.”

“மந்தமா இருக்காது அத்தை,” என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“எனக்கும் திரும்பி வரும்போதுதான் தோணுச்சு.”

அம்மையார் கிலுகிலுப்பையை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கிணுகிணுத்தது. கனத்த கண்ணாடியைக் கழற்றிக் கண்ணோரத்தை ஒற்றினார், தூசி என்றார்.

“திறப்புக்கு முதல் நாள் வரைக்கும் சுவர்ல நடு இடத்தைக் காலியா வச்சிருப்பேன். உருக்கி, செஞ்சு, மாட்டி, நீங்களே எடுத்துட்டு வரணும். முடியுமா?”

“முடியும்மா.”

“எந்த வீட்டு வெள்ளின்னு இந்தத் தடவை நான் கேக்கவே வேண்டாம். காதாலேயே கேட்டுட்டேன்.”

நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போன அம்மையார், செருப்பை மாட்டிக்கொண்டே மாமியார் பக்கம் திரும்பினார். “திறப்பு விழாவுக்கு நீங்க கட்டாயம் வரணும். எதிர் வீட்டம்மாவையும் கூப்பிடப் போறேன்.”

“அவளையுமா?” மாமியார் தலைப்பைச் சரி செய்துகொண்டார். “கூப்பிடுங்க, தாராளமா கூப்பிடுங்க. ஆனா எனக்கும் அவளுக்கும் நடுவுல ரெண்டு நாற்காலி விட்டுப் போடுங்க.”

“ரெண்டு போதுமா?”

மாமியார் கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணே போதும்,” என்று சொல்லிவிட்டு, அம்மையார் சிரித்துக்கொண்டே படியிறங்கும் வரை நின்று பார்த்து, கதவைச் சாத்தினார்.