பண்டார் பாரு வரை ஒரு சுற்று

அந்தக் காரை நான் வாங்கியது நடக்க முடியாத ஒருவனிடமிருந்து. செர்டாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மலிவு வீட்டின் முன்னால், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அது நின்றிருந்தது. நான்கு கதவு, ஐந்து கியர், டர்போ வைத்த ஜப்பான் செடான். வயது பதினைந்துக்கு மேல். ஆனால் மூடியைத் தூக்கினால் உள்ளே இன்ஜின் நேற்றுக் கடையிலிருந்து வந்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பாடாங் செராயில் வீடு, கூலிமில் தொழிற்சாலை வேலை. இருபது வருடமாக ஒரு சின்னக் காரில் போய்வந்து, லோரிக்காரன்கூட ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போகிற பிழைப்பு பிழைத்தவன். தினமும் வேலைக்குப் போகிற காரே சீறிக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எனக்கு ஆசையும் நிறைய, வெட்கம் எப்போதுமே குறைவு.

விற்றவனுக்கு முப்பது வயது இருக்கும். அதே தெருவில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்தவன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தான். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அவன் அக்கா நாற்காலியின் பின்னால் நின்றிருந்தாள்.

“அக்குவேறா ஆணிவேறா கழட்டி நானே கட்டுனேண்ணே. புது பிஸ்டன், புது டர்போ. அதுக்கே மூணு வருஷம் ஆச்சு. கட்டி முடிச்சா ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டிப் பழக்கணும். அறுநூறு ஓட்டிட்டேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு.”

“இந்தக் காடியிலயா விழுந்த?” என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும்; வண்டி அடிபட்டதாக இருந்தால் விலை இறங்கும்.

அக்காதான் பதில் சொன்னாள். “மோட்டார்சைக்கிள்ல போய் விழுந்தான். காலையில ரொட்டி சானாய் வாங்கப் போனான். மழை பேஞ்சிருந்துச்சு, காடிய எடுத்துட்டுப் போடான்னேன். சேறு படும்னு மோட்டார்ல போனான்.”

விலையில் இரண்டாயிரம் ரிங்கிட் குறைக்கச் சொன்னேன். கால் விளங்காதவனிடம் பேரம் பேசுகிறோமே என்று கொஞ்சமும் கூசவில்லை. மருத்துவச் செலவுக்குத்தான் விற்கிறான் என்று தெரிந்த பிறகே பேரம் பேச எனக்குத் துணிச்சல் வந்தது.

“சரிண்ணே, குறைச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. மிச்ச நானூறு ஓடி முடிஞ்சதும் வாங்க. என்னை முன்னால உக்கார வெச்சு பண்டார் பாரு வரைக்கும் ஒரு சுத்து. முழுசா மிதிக்கணும். நான் கட்டுனது எப்படி இழுக்குதுன்னு எனக்கே தெரியாதுண்ணே. முதுகுல மேல் பாதிதான் இன்னும் வேலை செய்யுது, அதுல ஒரு தடவ அது தெரியணும்.”

“இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி? அந்த நானூறு முடியட்டும், நானே வந்து தூக்கிட்டுப் போறேன்” என்றேன். அவன் கையை நீட்டினான். நானும் பிடித்துக் குலுக்கினேன். இரண்டாயிரம் மிச்சமான சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே குலுக்கினேன்.

அன்று முதல் தினமும் அவனிடமிருந்து வாட்சப்பில் குரல் வந்தது. வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும். எண்ணெயை எண்ணூறிலேயே மாற்றிவிடுங்கள். மூன்றாவது கியர் காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கும், வற்புறுத்தாதீர்கள். கைக்குழந்தையை வேறு வீட்டில் விட்டுவிட்டுப் போன தாய் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான். அத்தனையும் எனக்கு உதவியது. பட்டறைக்காரனிடம் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்டிருப்பான்.

ஐந்தாம் நாள், கூலிமிலிருந்து வரும் வழியில் சாலை காலியாக இருந்தது. இன்னும் ஆயிரம் ஓடி முடியவில்லை. தெரியும். மிதித்தேன். ஒரு விநாடி ஒன்றுமில்லை, பிறகு யாரோ பிடரியைப் பிடித்து சீட்டோடு அழுத்தியது போல இருந்தது. “ஐயோ அம்மா!” என்று தனியாகக் கத்தினேன். அத்தனை வருடம் என்னை ஒதுக்கிவிட்டுப் போன லோரிகளெல்லாம் கண்ணாடியில் பொட்டாகிவிட்டன. வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலை அவன் கேட்டான்: “எவ்வளவு ஆச்சுண்ணே?”

“எழுநூத்தம்பது. மெதுவாத்தான் ஓட்டுறேன் தம்பி” என்று அனுப்பினேன்.

ஆயிரம் முடிந்த வாரம், அவனைக் கூட்டிப்போவதாக இருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தோசைக்கரண்டியோடு திரும்பினாள்.

“உங்களுக்கென்ன பைத்தியமா? இடுப்பொடிஞ்சு கிடக்கிறவன் கண்ணு பூரா அந்தக் காடி மேலதான் இருக்கும். அவன முன்னால உக்கார வெச்சு அந்த வேகத்துல ஓட்டப் போறீங்களா? நாளைக்கு நம்ம மகளும் அதே சீட்டுல உக்காரணும். இன்னும் பூசைகூட போடல.”

பூசை போடாதது உண்மைதான். வெள்ளிக்கிழமை தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பூசாரி சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் சுற்றி, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். இறங்கிப்போய் அவரிடம் கேட்டேன்: “சாமி, வித்தவனுக்கு விபத்தாகி கால் போயிடுச்சு. அவன் திரும்ப இதுல உக்காரலாமா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பதிலுக்காக நிற்கிறேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். “ஒரு மண்டலம் போகட்டுமே. நாப்பத்தெட்டு நாள் கழிச்சு ஏத்திக்க” என்றார். நான் கேட்டிருக்காவிட்டால் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. முனியாண்டி பெயரில் நாற்பத்தெட்டு நாள் கிடைத்துவிட்டது.

அவனிடம் சொன்னேன். “சாமி வாக்கு வந்துடுச்சுன்னா சரிதாண்ணே. இவ்வளவு நாள் இருந்தாச்சு” என்றான். அக்காவிடம் சொல்லி நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டுப் படமும் எடுத்து அனுப்பினான்.

அந்த நாற்பத்தெட்டு நாளில் வண்டியை என் இஷ்டத்துக்கு மாற்றினேன். தரையோடு உட்காரும்படி இறக்கினேன். எங்கள் தாமான் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வேகத்தடை மேட்டைக் குறுக்காகத்தான் ஏறவேண்டும், அப்போதும் அடிவயிறு உரசும். புகைக்குழாயைச் சத்தம் போடுவதாக மாற்றினேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி கதவைச் சாத்த ஆரம்பித்தாள். கடைசியாக பக்கெட் சீட்டு. பந்தயக்காரர்கள் உட்காரும், பக்கவாட்டுச் சுவர் தொடைவரை எழும்பிய, பின்னால் சாயாத ஒற்றை வார்ப்பு சீட்டு. ஓட்டுநருக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் பல் போன வாய் மாதிரி இருந்தது. இரண்டாகப் போட்டேன். பழைய சீட்டுகளை வீட்டில் வைக்க இடமில்லை என்று அந்த வாரமே விற்றுவிட்டேன்.

படம் பார்த்ததும் அவன் அனுப்பிய குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. “அண்ணே, டெய்லி காடிக்கு பக்கெட் சீட்டு வேணாம்ணே. ஏறி இறங்குறது கஷ்டம். இடுப்பு போயிடும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காசு கொடுத்தவன் நான். விற்று முடித்த வண்டிக்கு இவன் என்ன நாட்டாமை? அப்போதே பேசி அனுப்பினேன்: “உன் இடுப்ப நீ பாத்துக்க தம்பி. என் இடுப்ப நான் பாத்துக்கறேன்.”

அனுப்பியதும் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அவன் கேட்டுவிட்டான் என்று நீலக்குறி வந்தது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அந்தக் குறியைப் பார்த்தபோது எனக்கு இனித்தது. மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் வந்தது: “சரிண்ணே. போல்ட்டெல்லாம் நல்லா முறுக்கச் சொல்லுங்க. லூசா இருந்தா ஆபத்து.”

வட்டம் போட்ட தேதி வந்தது, போனது. ஓவர்டைம் என்றேன். மகளுக்குப் பரீட்சை என்றேன். ரோடு டேக்ஸ் முடிந்துவிட்டது என்றேன். முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவன் ஒவ்வொன்றுக்கும் “பரவால்லண்ணே” என்றான். பிறகு ஒருநாள் அக்கா கூப்பிட்டாள்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தலை சீவி, நல்ல சட்ட போட்டு, வாசல்ல உக்காந்துக்கறான். வர்றதுன்னா வாங்க. இல்லன்னா இல்லன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க லா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான்.”

அடுத்த ஞாயிறு காலை போனேன். தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டிருக்கும். அவன் அதற்குள் நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. பக்கத்து வீடுகளிலிருந்தும் இரண்டு மூன்று பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

கதவைத் திறந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நாற்காலியின் உயரத்திலிருந்து சீட்டு முழங்காலுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தது. அதைச் சுற்றி அந்தச் சுவர்.

“பின்னால உக்காரேன்டா” என்றாள் அக்கா.

“பின்னால உக்காந்து போறதுக்கு எதுக்கு இந்தக் காடி? டாக்ஸி போதுமே” என்றான்.

நான் கக்கத்தில் கைகொடுத்தேன். அக்கா கால்களைப் பிடித்தாள். இத்தனை கனம் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. முதல் தடவை சுவரைத் தாண்டவில்லை, கீழே விடாமல் நாற்காலிக்கே திருப்பினோம். இரண்டாம் தடவை இடுப்பு உள்ளே போய் பாதியில் சிக்கியது. ஒரு கால் விறைத்துக்கொண்டு கதவை உதைத்தது. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்ணே” என்று அவன் மூச்சு வாங்கினான். என் முதுகு பிடித்துக்கொண்டது. எரிச்சலில் ஒரே அழுத்தாக அழுத்தினேன். துண்டுக்குள்ளிருந்த மூத்திரப் பையின் குழாய் சீட்டின் விளிம்பில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. அத்தனையும் கொட்டியது.

“அலாமாக், சீட்டு!” என்று கத்திவிட்டேன்.

தெருவே கேட்டது. அவனுக்கு வலிக்கிறதா, குழாய் எங்கே இழுத்தது, எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் கண் சீட்டில் இருந்தது. நிமிர்ந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“தொடச்சிடுங்கண்ணே. ஊறுனா வாடை போகாது” என்றான்.

அக்கா அவனைத் தனியாகவே இழுத்து நாற்காலியில் போட்டாள். எனக்கு அதுவரை தெரியாது, அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று. துண்டை உதறி அவன் மடியில் போர்த்தினாள். வேலியோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மூன்றாம் தடவை முயலலாமா என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.

அவனே சொன்னான்: “ஸ்டார்ட் பண்ணி ஒரு மிதி மிதிங்கண்ணே. இங்கருந்தே கேட்டுக்கறேன்.”

ஈரம் படாத என் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இன்னும் என்று கையால் காட்டினான். இன்னும் மிதித்தேன். போதும் என்று கையை இறக்கிவிட்டு, “நல்லாத்தான் கட்டியிருக்கேன்” என்றான். என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னான். அவள் நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். நான் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் கிளம்பினேன்.

பாடாங் செராய் வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. இந்த வாடையோடு போனால் மனைவிக்குப் பதில் சொல்லவேண்டும். கடைத்தெருவில் கார் கழுவும் இடத்தில் நிறுத்தி, உள்ளேயும் கழுவச் சொன்னேன். அங்கே வேலை செய்யும் பெண்மணி கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னாண்ணே, சின்னப் புள்ளய ஏத்திட்டு வந்தீங்களா?”

“ஆமாக்கா” என்றேன்.

“எத்தன வயசு?”

“மூணு.”

“அடுத்த தடவ பேம்பர்ஸ் போட்டு ஏத்துங்கண்ணே. புது சீட்டு பாழாப் போச்சு பாருங்க” என்று சொல்லி, சோப்பு நுரையை எடுத்து அவர் தேய்க்க ஆரம்பித்தார். சரிதான் அக்கா என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.