பால் காய்ச்சாத வீட்டின் பொம்மை

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். துறைமுகத்துக்குப் பின்னால், கட்டடம் நிற்காது என்று இன்ஜினியர்கள் கைவிட்ட உப்புச் சேற்றில் கிடங்கு எழுப்பினேன். புன்னைக்காயலில் கடற்காற்று அரிக்காத சுவர் வைத்தேன். மாப்பிள்ளையூரணியில் பாதித் தெரு என் கைவேலை. அந்தத் தெருக் கடைசியில் பூட்டிக் கிடக்கும் மாடி வீடும் நான் கட்டியதுதான்.

துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்தவருடைய வீடு அது. பத்திரம் மைத்துனர் பெயரில். வருஷா வருஷம் அரசாங்கத்துக்குக் கொடுத்த சொத்துக் கணக்கில் அவர் அதைக் காட்டவே இல்லை. பால் காய்ச்சினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று குடிபோகவும் இல்லை.

பால் காய்ச்சும்வரை திருஷ்டி பொம்மையை நாங்கள் இறக்கமாட்டோம். வீட்டுக்காரரின் பழைய உடுப்பை மாட்டினால்தான் கண்ணேறு பொம்மைமேல் போகும். நான் கேட்டதும் அவர் மனைவி யோசிக்காமல் அவருடைய வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டார். வைக்கோல் திணித்து, முகம் வரைந்து, மாடியில் நானே தொங்கவிட்டேன்.

வருஷங்கள் போயின. வைக்கோல் மக்கிச் சுருங்கியிருக்க வேண்டும். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. அவருக்கும் அப்படித்தான்.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் என்னை நிறுத்தினாள். "அண்ணாச்சி, உங்க பொம்மை கடலைப் பாத்துல்லா நின்னுச்சு? இப்ப எங்க வாசலையே பாக்குது."

"காத்து திருப்பியிருக்கும்ளா."

"காத்துதான் இல்லையே."

பிறகு விசாரணை அதிகாரிகள் வீட்டுக்காரரை அங்கே கூட்டிவந்தார்கள். கட்டியவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். பொய்க் கணக்கு என்று உறுதியானால் வேலையோடு போகாது, ஜெயில்தான். அவர் அசரவில்லை.

"மச்சினன் வீடு சார். நான் இங்கன கால் வச்சதே இல்ல."

இலைகூட ஆடவில்லை. மாடியில் பொம்மை மெல்லத் திரும்பி, அவருக்கு நேராக நின்றது. அதே சாய்ந்த தோள். அவர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, என்னையக் கீழ எறக்குங்க."

தரையில் நின்றுகொண்டுதான் கேட்டார். அதிகாரி மேலே பார்த்தார், அவரைப் பார்த்தார். பொம்மையை இறக்கச் சொன்னார். சட்டைக் காலருக்குள் சலவைக் குறி. அவர் போட்டிருந்த சட்டையிலும் அதே குறி. உப்புக் காற்று அதை மட்டும் தொடவில்லை.

வழக்கு நடக்கிறது. குற்றப்பத்திரிகையில் சட்டை இருக்கிறது, குறி இருக்கிறது, கயிறுகூட இருக்கிறது. பொம்மையைக் கட்டியது 'உள்ளூர் ஆள் ஒருவர்' என்று போட்டிருக்கிறார்கள். வீட்டைக் கட்டியவன் நான். அது யார் வீடு என்று காட்டிக்கொடுத்த பொம்மையைக் கட்டியவனும் நான். என் பெயரை அதில் எழுதியே ஆக வேண்டும்.