அத்தை உம் கொட்டிய மதியங்கள்

வகுப்பில் அவளுக்கு அத்தை என்று பேர். வயது என்னவோ இருபதுதான். யார் தும்மினாலும் வெந்நீர் கொண்டுவருவாள். காதலில் தோற்றவர்கள் எல்லாம் அவள் பெஞ்சில்தான் போய் உட்காருவார்கள். உளவியல் ஆய்வகத்தில் கனவு சேகரிக்கப் பேராசிரியர் எங்கள் இருவரையும் எடுத்தபோது, அவளை எடுத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. என்னை ஏன் எடுத்தார் என்பதுதான் புரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் வருவார். நெற்றியில் ஒயர் ஒட்டி, திரையை இழுத்துவிட்டுத் தூங்க வைப்போம். மூடிய இமைக்குள் கண் ஓடத் தொடங்கியதும் எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "இப்ப மனசுல என்ன ஓடிட்டு இருந்துச்சு?" பிறகு நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் சொல்வதைப் பதிவுசெய்து, எத்தனை வார்த்தை என்று எண்ண வேண்டும். ஆளுக்கு இருபது பேர். அது முடிந்தால்தான் பட்டம்.

அந்த அறையில் மதியம் நகரவே நகராது. திரை வழியே வெளிச்சம் பழுப்பாகக் கசியும். இயந்திரம் மெல்ல முனகும். யாரோ சீராக மூச்சுவிட, நமக்கும் கண் சொருகும். எது அவர்கள் கனவு, எது நம் அரைத்தூக்கம் என்று சில நாள் பிரித்துச் சொல்ல முடியாது.

என் ஆட்கள் ஏதோ பஸ் வந்தது, ஞாபகமில்லை என்று முடித்துக்கொள்வார்கள். அத்தையின் ஆட்களோ பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். படிகள் இறங்கி இறங்கிக் கடலுக்குள் போகும் வீடு, ஈரக் குடைகள் மட்டும் உட்கார்ந்திருந்த ரயில் பெட்டி. எனக்கு வயிற்றெரிச்சல், மறைப்பானேன்? ஒருவர் பதிவை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. குறை கண்டுபிடிக்கவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பதிவிலேயே கிடைத்தது. அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் அடித்தொண்டையில் ஒரு "உம்". மீதியையும் போட்டுக் கேட்டேன். கதை கேட்பவளைப் போல இருபது பேருக்கும் உம் கொட்டியிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நாம் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்றேன். அவள் நேராகப் பேராசிரியரிடம் போனாள்.

"நீ கேக்கக் கேக்க அவங்க கனவு வளர்ந்திருக்கும்மா. இத வச்சு எதையும் சொல்ல முடியாது," என்றார் அவர். இருபதையும் நீக்கிவிட்டு, பருவம் முடிவதற்குள் புதிதாக இருபது கொண்டுவரச் சொன்னார்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பத்தொன்பது முடித்தாள். கடைசி நாள் மதியம் வந்தவர் ஒரு தையல்காரர். மனைவி தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் பக்கத்து அறையில் கணினித் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தபடி, ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ வந்திருந்தா," என்றார். "ஊசில நூல் கோத்துக் குடுத்தா."

அப்புறம் பேச்சில்லை. ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு முடித்துக்கொள்வதுதான் முறை. கடிகார முள் நகர்ந்தது. வாயைத் திறந்துவிடாதே அத்தை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"கேக்குறியாம்மா?" என்றார் அவர், அரையிருட்டில்.

"உம்," என்றாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். எவ்வளவு நேரம் சொன்னார் என்று நான் பார்க்கவில்லை. மனைவி துணியை மடியில் விரித்து, கண் சரியாகத் தெரிகிறதா, ராத்திரி சாப்பிட்டாயா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாளாம். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னாராம்.

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து அத்தை படிவத்தை எடுத்தாள். சேர்க்கலாமா என்ற கட்டத்தில் வேண்டாம் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், "உம் சொல்லிவிட்டேன்" என்று. அழுதது நான்தான்.

அந்த வருடம் அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. என் இருபதும் சுத்தமான பதிவுகள் என்று பேராசிரியர் பாராட்டினார். அவற்றில் ஒரு கனவுகூட எனக்கு நினைவில்லை.