முடிவை முதலில் சொன்னவர்

மாணிக்கம் அண்ணன் இறந்த செய்தி கிள்ளானிலிருந்து மாலை ரயிலில் வந்தது. கொண்டுவந்தவர், அவரோடு அந்தப் பக்கத்துப் பண்டமாரானுக்குப் பயாஸ்கோப் காட்டப் போயிருந்த, சுருள் மாட்டிப் படம் ஓட்டும் பெட்டிக்காரர். நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் லயத்துக் குழாயடியில் நின்றிருந்த என்னிடம்தான் முதலில் சொன்னார். "காய்ச்சல்க்கா. நேத்தே அங்கயே எரிச்சிட்டோம்." பக்கத்தில் அண்ணனின் சட்டையை அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லம்மா நிமிரவேயில்லை. "வெள்ளிக்கெழம வருவாரு. அதுக்குள்ள இது காயணும்" என்றாள்.

இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள். உலையில் அவருக்கும் சேர்த்து அரிசி போடுகிறாள். அவர் பங்கை மூடி வைத்துவிட்டுத் தானும் சாப்பிடாமல் காத்திருக்கிறாள். முகம் பார்க்காத சாவை அவள் மனம் ஏற்கவில்லை.

அவர் குரலைக் கேட்ட நீங்கள் அவர் தொழிலை அறிவீர்கள். கூடாரத்தில் பேசாப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று தமிழில் கதை சொல்பவர். சாமி படம் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் என்னை முதலில் அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால் வெள்ளைக்காரப் படம். ஆனால் அண்ணன் அதில் வந்த துரைக்குத் துரைராசு என்று பெயர் வைத்து, அவன் அம்மாவைக் கொஞ்சம் கடுகடுப்பான மாமியாராக்கி, பெண்கள் பக்கம் முழுவதையும் சிரிக்க வைத்துவிட்டார். கதாநாயகி அழும் இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்தினார். "என்னண்ணே, வாயடைச்சுப் போச்சா?" என்று யாரோ கத்தினார்கள். "அவதான் அழுவுறாளே, நான் வேற எதுக்கு?" என்றார்.

இன்னொரு நாள் பெட்டிக்காரர் கடைசிச் சுருளை முதலில் மாட்டிவிட்டார். எடுத்த எடுப்பில் கதாநாயகியைப் புதைக்கிறார்கள். அடுத்த சுருளில் அவள் கல்யாணக் கோலத்தில் ஆடுகிறாள். செத்தவள் எப்படி ஆடுகிறாள் என்று கூடாரமே கூச்சல் போட்டது. அண்ணன் பிரம்பால் தரையைத் தட்டினார். "பொதைச்சிட்டு வந்து புருசன் வீட்டுல தனியா ஒக்காந்திருக்கான். இனிமே நீங்க பாக்கறதெல்லாம் அவன் நெனப்பு." அதன்பிறகு அவள் ஆட ஆட எங்களுக்குக் கண்ணீர் வழிந்தது. மறுநாளும் சுருளை அப்படியே மாட்டச் சொன்னாராம்.

அடுத்த வருடம் என் மகள் வள்ளி போனாள். ஏழு வயது. கண்ணை மூடினால் அவளைக் கிடத்தியிருந்த பாய் மட்டும்தான் தெரிந்தது. முருகனுக்கு விளக்கேற்றக் கை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். நானும் உடம்பு சுட ஆரம்பித்ததிலிருந்து சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அந்தப் பாயிலேயே வந்து விழுந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்து வாசலில் உட்கார்ந்த அண்ணனிடமும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"புள்ள போயிடுச்சு தங்கச்சி. அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத முதல்லயே சொல்லி ஓரமா வச்சிரு. இப்ப அவள நடக்க விடு."

இது என்ன பயாஸ்கோப்பா என்று கோபமாகக் கேட்டேன். அவர் எழுந்து போகவில்லை. அவள் எங்கே ஓடினாள், அதை மட்டும் சொல் என்றார். பிறகு பத்துமலைக் குகைக் கோயில் நினைவுக்கு வந்தது. தைப்பூசத்தன்று எங்களுக்கு முன்னால் படியேறி ஓடியவள், பாதியில் திரும்பி வந்து, "மேல ஒரே இருட்டும்மா, முருகன் தூங்குறாரு, சத்தம் போடாம வாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டோமே என்று அழுதேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வழியைத்தான் செல்லம்மாவிடமும் முயன்று பார்த்தேன். "அண்ணன் போயிட்டாரும்மா" என்று முதலில் சொன்னேன். "நீ பாத்தியா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லையே. சரி, அவரை நடக்க விடலாம் என்றால், கூடாரத்தில் கேட்ட குரலையும் என் வாசலில் உட்கார்ந்த அந்த ஒரு பொழுதையும் தவிர எனக்கு என்ன தெரியும்? இரண்டையும் சொல்லித் தீர்த்தேன். கேட்டுவிட்டு, மூடி வைத்த சோற்றில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். முருகனிடம் கேட்டும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் குரலைக் கேட்டவர்களே, துக்கம் விசாரிக்க வந்தால் காய்ச்சலைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் உங்களைச் சிரிக்க வைத்த ஒரு நாளைக் கொண்டு வாருங்கள். உள்ளே வந்து, உட்கார்ந்து, "அன்னைக்கு அவரு" என்று தொடங்குங்கள். எத்தனை பேர் சொன்னால் அவள் நம்பி அழுவாள் என்று எனக்குத் தெரியாது. என் ஒருத்தியால் முடியவில்லை.

அவர் எனக்கு விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் என்னிடம் இருக்கிறாள். பாயில் இல்லை, படியில்.